ஒரு எழுத்தா, ரெண்டு எழுத்தா?

ஆங்கிலத்தில் 'ரன்' (run) என்பதோடு 'இங்' (ing) சேர்த்து எழுதினால் இரண்டு 'என்' (n) வருகிறது. 'ரெயின்' (rain) என்பதோடு சேர்த்தால் ஒன்றுதான். ஏன்? கல்+ஐ கல்லை, கால்+ஐ காலை என்று நம் இலக்கண வகுப்பில் படித்தோமே, கிட்டத்தட்ட அதே கதை! குறிலுக்குப் பின்னால் வரும் மெய் இரட்டிக்கும், நெடில் என்றால் இரட்டிக்காது. 'லுக்' மாதிரி இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வரும் சொற்கள் குறிலாக ஒலித்தாலும் விதிவிலக்கு.

சரி, நீளமான சொல்லாக இருந்தால்? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'பிகின்' என்பதில் அழுத்தம் கடைசியில் விழுகிறது, அதனால் 'பிகினிங்' எழுத இரண்டு என். 'ஓப்பன்' முதலிலேயே அழுத்தம், எனவே 'ஓப்பனிங்' எழுத ஒன்று போதும். 'அக்கர்ட்' (occurred) இரண்டு ஆர், 'ஆஃபர்ட்' (offered) ஒரே ஆர் என்பதும் இப்படித்தான். 'டிராவலிங்' மட்டும் தகராறு: பிரிட்டன்காரர்கள் இரண்டு எல் போடுவார்கள், அமெரிக்கர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

'அக்காமடேஷன்' இந்த விதிக்குள் வராது. இரண்டு சி, இரண்டு எம் என்று மனப்பாடம்தான். அப்புறம், 'புக்கீப்பர்' எழுதிப் பாருங்கள்: இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ, இடைவெளியே இல்லாமல் வரிசையாக!