வினையும் யோகமும்: இன்று செய்யும் ஒரு செயலிலிருந்து தொடங்குவது எப்படி?

"எல்லாம் என் கர்மா" என்று யாராவது சொன்னால், கூடவே ஒரு பெருமூச்சும் வரும். நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்லிப் பேச்சை முடித்துவிட அந்த வார்த்தை நன்றாக உதவுகிறது. ஆனால் வினையைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில், இரண்டாம் பாதத்தில் (அத்தியாயத்தில்), மூன்றே சொற்களில் ஒரு சூத்திரம் உண்டு: "ஹேயம் துக்கம் அனாகதம்". இன்னும் வராத துன்பமே தவிர்க்கத் தக்கது. வந்து போனது போய்விட்டது. வந்துகொண்டிருப்பதை அனுபவித்துத்தான் தீர வேண்டும். வரப்போவதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையை எங்கிருந்து, எப்படித் தொடங்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

இதற்குச் சம்ஸ்கிருதம் தெரிய வேண்டியதில்லை, ஆசனங்களும் தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும், நாளுக்குப் பதினைந்து நிமிடமும் போதும். மரபில் கர்மக் கொள்கை மறுபிறவியோடு பின்னிக் கிடக்கிறது, உண்மைதான். ஆனாலும் கீழே உள்ள பயிற்சிகள் இந்த ஒரு வாழ்க்கைக்குள்ளேயே செய்து பார்க்கக்கூடியவை. மறுபிறவியில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் செய்யலாம்.

படி 1: உங்கள் கையில் இருக்கும் வினை எது?

மரபு வினையை மூன்றாகப் பிரிக்கிறது. இதுவரை சேர்ந்து கிடக்கும் மொத்தம் சஞ்சிதம். அதில் பலன் தரத் தொடங்கிவிட்ட பகுதி பிராரப்தம். இப்போது செய்து, இனிமேல் பலன் தரப்போவது ஆகாமியம். தமிழில் பழவினை, நுகர்வினை, வருவினை என்றும் சொல்வதுண்டு.

உங்களை இப்போது அழுத்தும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நடந்து முடிந்ததையும், நடுவில் இப்போது அனுபவித்துக்கொண்டிருப்பதையும், வலப்பக்கம் இன்று உங்களால் செய்ய முடிந்ததையும் எழுதுங்கள். தேர்வில் தோற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் படிக்காத மாதங்கள் இடப்பக்கம் போகும். மதிப்பெண்ணும் வீட்டில் நிலவும் மௌனமும் நடுவில். மறுதேர்வு எப்போது என்று விசாரிப்பது, புரியாத பாடம் எது என்று கண்டுபிடிப்பது, தெரிந்த ஒருவரிடம் உதவி கேட்பது எல்லாம் வலப்பக்கம். பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் நிரம்பி வழியும், வலப்பக்கம் காலியாக இருக்கும். அங்கே ஒரு வரியாவது வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

"ஊழிற் பெருவலி யாவுள" என்று கேட்ட வள்ளுவரே, ஆள்வினையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்" என்கிறார். ஊழைவிட வலியது எது என்று முதலில் கேட்டவர், சோர்வின்றி விடாமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பார் என்கிறார். இரண்டும் முரண் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் குறள் நுகர்வினையின் வலிமையைப் பேசுகிறது, அடுத்தது வருவினையின் வலிமையை. நடுப்பக்கத்தின் கனத்தை ஒப்புக்கொண்டுதான் வலப்பக்கத்தில் எழுத வேண்டும்.

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிப்பு உங்கள் வாழ்க்கைக்கு மட்டும். நோயிலோ வறுமையிலோ வாடும் ஒருவரைப் பார்த்து "அவர் செய்த வினை" என்று சொல்ல இது அனுமதி தரவில்லை. அவர் முன்னால் நிற்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதுதான் உங்கள் வருவினை. அதேபோல, உங்களை ஒருவர் கொடுமைப்படுத்தினால் "என் கர்மா" என்று பொறுத்துப்போக வேண்டியதில்லை. உதவி கேட்பதும் வெளியேறுவதும் வலப்பக்கத்தில் எழுத வேண்டிய செயல்களே.

படி 2: ஒரே ஒரு பழக்கத்தை ஒரு வாரம் கவனியுங்கள்

யோக நூல்களின்படி ஒவ்வொரு செயலும் மனதில் ஒரு பதிவை விட்டுச் செல்கிறது. அதற்குச் சம்ஸ்காரம் என்று பெயர். அந்தப் பதிவிலிருந்து அதே மாதிரி எண்ணம் எழும், எண்ணத்திலிருந்து அதே செயல் பிறக்கும், செயல் பதிவை இன்னும் ஆழமாக்கும். புல்வெளியில் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுவது மாதிரி. கர்மாவின் இந்தச் சுழற்சியை நம் அன்றாட வாழ்க்கையிலேயே கண்ணால் பார்க்க முடியும், அதற்குத்தான் இந்த வாரம்.

பெரிய குறையாகத் தேடாதீர்கள். அடிக்கடி நிகழ்கிற, சின்ன ஒன்று போதும். உதாரணத்துக்கு, யாராவது குறை சொன்னால் உடனே சுருக்கென்று பதில் பேசிவிடும் பழக்கம். அது நிகழும் ஒவ்வொரு தடவையும் ஐந்து வரி எழுதுங்கள்:

என்ன நடந்தது (அபிப்பிராயம் கலக்காமல்).
உடம்பில் எங்கே தெரிந்தது (தாடை, மார்பு, வயிறு).
என்ன நினைத்தேன்.
என்ன செய்தேன்.
அரை மணி நேரம் கழித்து மனதில் என்ன மிஞ்சியது.

இரவில் இதைப் படித்துப் பார்த்து, வேர் எது என்று தேடுங்கள். பதஞ்சலி ஐந்து கிலேசங்களை, அதாவது மனதை வாட்டும் குறைகளை, சொல்கிறார்: உள்ளதை உள்ளபடி காணாத அவித்யை, "நான்" என்ற ஒட்டுதலான அஸ்மிதை, இனித்ததையே திரும்பத் தேடும் ராகம், கசந்ததை விலக்கும் துவேஷம், உயிர்மேல் உள்ள பிடிப்பான அபிநிவேசம். அவித்யைதான் மற்ற நான்கும் விளையும் நிலம் என்பார். வினைகளின் சேமிப்புக்கே இந்தக் கிலேசங்கள்தான் வேர் என்பதும் அவர் சொல்வதுதான்.

ஒரே செயலுக்கு வெவ்வேறு வேர்கள் இருக்கும். கோபமாகப் பதில் சொன்ன மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு "என்னையா குறை சொல்கிறாய்" என்ற அஸ்மிதை. இன்னொருவருக்கு, குறை சொன்னவர்மேல் பழைய கசப்பு. மூன்றாமவருக்கு, பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார், அது கிடைக்காத ஏமாற்றம். அதனால்தான் "இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்று பொத்தாம்பொதுவாக எடுக்கும் சபதம் நிற்பதில்லை. வேர் தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த வாரம் எதையும் மாற்ற முயலாதீர்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சங்கிலி வருகிறது: ஒன்றையே நினைப்பதால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், பிறகு நினைவு தடுமாறுகிறது, கடைசியில் புத்தி கெடுகிறது. தொடக்கத்தில், எல்லாம் பேசி முடித்த பிறகுதான் உங்களுக்கு உறைக்கும். கொஞ்ச நாளில் பேசிக்கொண்டிருக்கும்போதே தெரியும். அப்புறம் தாடை இறுகும்போதே தெரியும். சங்கிலியில் எவ்வளவு முன்னால் பிடிக்கிறீர்கள் என்பதே வளர்ச்சியின் அளவு. கோபம் வரவே இல்லையா என்று பார்க்காதீர்கள்.

படி 3: மாற்று எண்ணத்தைத் தயாராக வைத்திருங்கள்

கெட்ட எண்ணம் தொந்தரவு செய்தால் எதிர்ப்பக்க எண்ணத்தை வளர்க்கச் சொல்கிறார் பதஞ்சலி. பிரதிபக்ஷ பாவனை என்று பெயர். இதை "நல்லதையே நினை" என்று சுருக்கிவிடுகிறார்கள், அது போதாது. அடுத்த சூத்திரத்தைப் படித்தால் தெரியும்: இந்த எண்ணம் பேராசையிலிருந்தோ கோபத்திலிருந்தோ மயக்கத்திலிருந்தோ பிறக்கிறது, நானே செய்தாலும், செய்யவைத்தாலும், செய்வதை ஆமோதித்தாலும் முடிவு துன்பமும் அறியாமையும்தான் என்று பார்க்கச் சொல்கிறது. அதாவது, அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசிவரை யோசிப்பது.

உங்கள் நோட்டின் ஐந்தாவது வரி இதற்குத்தான். "பதில் சொல்லி ஜெயித்தேன், ஆனால் சாயங்காலம் வரை மனசு கனத்தது" என்று நீங்களே எழுதியிருப்பீர்கள். அதிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் பக்கத்தின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர்பேர் தெரியாத பொன்மொழியைவிடச் சொந்த அனுபவம் பிடித்து நிறுத்தும்.

கூடவே ஒரு மாற்றுச் செயலையும் முடிவு செய்யுங்கள். ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுவது, அப்புறம் "யோசித்துச் சொல்கிறேன்" என்பது. இவ்வளவுதான். பேசியே ஆக வேண்டுமென்றால் கீதை 17:15 தரும் அளவுகோல் இருக்கிறது: பிறர் மனதைக் கலக்காத, உண்மையான, இனிய, நன்மை தரும் சொல். நான்கும் கூடுவது கடினம். கூடாதபோது கொஞ்சம் காத்திருக்கலாம்.

படி 4: பலனை எங்கே வைப்பது?

பலனில் பற்று வைக்காமல் செயல்படும் கர்ம யோகத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

கீதை 2:47 நான்கு பகுதிகள் கொண்டது. செயலில் உனக்கு உரிமை உண்டு. பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனையே செயலுக்குக் காரணமாக்கிக்கொள்ளாதே. செயல்படாமல் இருப்பதிலும் பற்று வைக்காதே. முதல் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு "பலனை எதிர்பார்க்காதே" என்று சுருக்கிவிட்டோம். இதைக் கேட்கும் இளைஞர்கள், இலக்கே வைக்கக் கூடாது போலிருக்கிறது என்று நினைக்கிறார்கள். நான்காவது பகுதி அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. தோற்றுவிடுவோமோ என்று பயந்து ஒதுங்கி நிற்பதும் ஒரு பற்றுதான்.

பலன் ஏன் நம் உரிமை இல்லை? பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்களைச் சொல்கிறது: களம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். கடைசியை நம் அறிவுக்கு எட்டாத எல்லாமும் என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த ஐந்தில் சில மட்டுமே நம் வசம். ஐந்துக்கும் நானே பொறுப்பு என்று சுமப்பதால்தான் வெற்றியில் தலைகனமும் தோல்வியில் தன்வெறுப்பும் வருகின்றன.

நேர்காணலுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். போகும் முன் இரண்டு வரி எழுதுங்கள். என் பங்கு: நிறுவனத்தைப் பற்றிப் படிப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, நேரத்துக்குப் போவது. என் பங்கில் இல்லாதது: வேறு யார் வருகிறார்கள், கேட்பவரின் மனநிலை, அவர்கள் தேடும் ஆள் யார் என்பது. உள்ளே இருக்கும்போது மனம் "கிடைக்குமா" என்று ஓடும். ஓடட்டும், கேட்கப்பட்ட கேள்விக்கு அதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், எத்தனை முறை ஆனாலும். வெளியே வந்ததும், முடிவு தெரியும் முன்பே, இரண்டு கேள்வி: என் பங்கைச் செய்தேனா? அடுத்த முறை எதை மாற்றுவேன்? பதிலை எழுதி நோட்டை மூடுங்கள். வேலை கிடைக்காவிட்டால் வருத்தம் வரும், வரலாம். அந்த வருத்தம் அடுத்த விண்ணப்பத்தை எழுதவிடாமல் தடுக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். கீதை 2:48-இல் "சமநிலையே யோகம்" என்று சொல்வதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பயிற்சியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. வாரம் ஒருமுறை, உதவி பெற்றவருக்கே தெரியாத மாதிரி ஓர் உதவி செய்யுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். அதன்பின் சொல்லிவிட வேண்டும் என்று மனம் எப்படித் தவிக்கிறது என்று பாருங்கள். பலன்மேல் உள்ள பற்றை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படி 5: உடம்பும் மூச்சும்

பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் செய்யக் கூடாதவற்றைச் சொல்லும் இயமமும், தன்னை ஒழுங்குபடுத்தும் நியமமும் வந்துவிடுகின்றன. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலரும் அதே வரிசையில்தான் தொடங்குகிறார். ஆகவே பிறருக்குத் தீங்கு செய்யாமை, உண்மை, திருடாமை போன்றவை யோகத்துக்கு வெளியே இருக்கும் நீதிபோதனைகள் இல்லை, யோகத்தின் முதல் அங்கமே அவைதான். படி 2-இல் நீங்கள் செய்ததும் இதன் ஒரு பகுதிதான்.

ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் சூத்திரம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி. முதுகு நேராக, ஐந்து நிமிடம், மூச்சு வெளியேறுவதை மட்டும் கவனியுங்கள். மூச்சை அடக்கும் பயிற்சிகளை நூலைப் பார்த்துத் தனியாகத் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகளும், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 6: விட்டுப்போகும் நாட்கள்

பயிற்சி வேரூன்ற மூன்று வேண்டும் என்கிறார் பதஞ்சலி: நீண்ட காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்வது. மூன்றாவதைத்தான் நாம் மறக்கிறோம். போனைப் பார்த்துக்கொண்டே செய்யும் அரை மணி நேரத்தைவிட, அக்கறையோடு செய்யும் ஐந்து நிமிடம் மேல். இடையில் சில நாள் விட்டுப்போனால், விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துச் செய்ய நினைக்காமல் அன்றைய ஐந்து வரியிலிருந்து தொடருங்கள். பாதியில் வழுக்கியவன் கதி என்ன என்று அர்ஜுனனே கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கவலைப்படுகிறான். நன்மை செய்பவன் எவனும் கெட்டழிவதில்லை என்பது கண்ணனின் பதில்.

பதஞ்சலி ஒன்பது தடைகளைப் பட்டியலிடும்போது சந்தேகம், சோம்பல் எல்லாவற்றுக்கும் முன்னால் நோயை வைக்கிறார். எனவே வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே பிடிக்காத எண்ணம் வந்தால் அதை வினை என்றோ மனவலிமைக் குறைவு என்றோ எண்ணிப் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். நோட்டு காத்திருக்கும்.

ஒரு பழக்கத்தில் சங்கிலியை முன்கூட்டியே பிடிக்க வந்துவிட்டால் அடுத்ததை எடுக்கலாம், அதுவரை இரண்டாவதைத் தொடாதீர்கள். மூல நூல்களைப் படிக்க ஆசை வந்தால் யோக சூத்திரத்தை இரண்டாம் பாதத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பாதம் மனம் முழுவதும் ஒன்றிப்போகும் சமாதி நிலையைப் பேசுகிறது, புதிதாக வருபவருக்கு அது எட்டாது. கீதையில் 2, 3, 6 ஆகிய அத்தியாயங்கள் முதலில் போதும். ஒரு நாளைக்கு ஒரு சுலோகத்துக்கு மேல் வேண்டாம். படித்ததை அன்றைய ஐந்து வரிகளுக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.