ஆண்களில் பாலின ஹார்மோனும் ஆட்டிசப் பண்புகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருவில் இருந்தபோது சுரந்த டெஸ்டோஸ்டிரோனையும் இன்று ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் பெரிய தவறு. மற்றவை பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. கருவில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் ஆட்டிசப் பண்புகள் கூடலாம் என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் சைமன் பாரன்-கோஹனின் கருதுகோள்; அது பேசுவது கருக்கால ஹார்மோனைப் பற்றி. டென்மார்க்கில் சேமித்து வைத்திருந்த பனிக்குட நீரை ஆராய்ந்து அவருடைய குழு 2015-ல் முடிவுகளை வெளியிட்டது. பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட ஆண்களின் பனிக்குட நீரில் டெஸ்டோஸ்டிரோனோடு புரொஜெஸ்டிரோன், கார்டிசோல் ஆகியவையும் சராசரியாகக் கூடியிருந்தன. 2020-ல், பெண் ஹார்மோன்கள் எனப்படும் ஈஸ்ட்ரோஜன்களும் அப்படியே கூடியிருந்தது தெரியவந்தது. ஆகவே 'ஆண் ஹார்மோன் மிகுந்தால் ஆட்டிசம்' என்று சுருக்குவது பிழை. இவையெல்லாம் குழுக்களின் சராசரி. இரு குழுக்களின் அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. தனி ஒருவருக்கு இதைக் கொண்டு எதையும் கணிக்க முடியாது. கருக்கால ஹார்மோனுக்கும் ஆட்டிசப் பண்புகளுக்கும் தொடர்பே காணாத ஆய்வுகளும் உண்டு.

டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் பிறர் மனம் புரியாமல் போகும் என்ற பேச்சுக்கு, 16 பெண்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்து 2011-ல் செய்த ஆய்வு ஒரு காரணம். 2019-ல் 643 ஆண்களுக்கு ஹார்மோன் கொடுத்துச் சோதித்தபோது, கண்களைப் பார்த்து உணர்வை ஊகிக்கும் திறன் குறையவில்லை. ஆள்காட்டி விரல், மோதிர விரல் நீளங்களின் விகிதத்தை வைத்துக் கருக்கால ஹார்மோனைக் கணிப்பதையும் விட்டுவிடுங்கள். அவ்வளவு நம்பகமான அளவுகோல் அல்ல அது.

ஆட்டிசப் பண்புகளை அளக்கும், 50 கேள்விகள் கொண்ட ஏ.கியூ. வினாத்தாளில் 32 அல்லது அதற்கு மேல் வந்தாலே ஆட்டிசம் உறுதி என்று கொள்ளாதீர்கள். சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கும் மதிப்பெண் ஏறும். வளர்ச்சி வரலாற்றைக் கேட்டு, நேரில் கவனித்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

வேறு காரணத்துக்காக ஹார்மோன் பரிசோதனை தேவைப்பட்டால், மாலையில் ரத்தம் கொடுக்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டால் இறங்கும். வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். பருமன் இல்லாத 19–39 வயது ஆண்களுக்கு, தரப்படுத்திய முறையில் அளந்தால், டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை இயல்பு. எல்லையையொட்டி வந்தால் ரத்தத்தில் பாலின ஹார்மோன்களைப் பிணைத்துச் சுமக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. எனும் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்; பருமன் அதைக் குறைப்பதால் மொத்த அளவும் தாழ்வாகத் தெரியும். ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ராடியோல் ஆண்களில் மிகச் சிறிய அளவே என்பதால் நிறைநிறமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறையில் அளப்பதே சரி.

ஆபத்தான தவறு, ஹார்மோனை மாற்றி ஆட்டிசத்தைக் 'குணப்படுத்த' முயல்வது. அமெரிக்காவில் ஆட்டிசக் குழந்தைகளுக்கு, பாலின ஹார்மோன்களை அடக்கும் லியூப்ரோலைடு ஊசி போட்ட ஒரு மருத்துவரின் உரிமம் பறிக்கப்பட்டது. பருவ வளர்ச்சியையும் எலும்பு வலுவையும் பாதிக்கும் மருந்து அது. ஆட்டிசத்துக்குப் பலன் தரும் என்பதற்குச் சான்று கிடையாது. தேவையில்லாமல் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டாலும் மூளையிலிருந்து விரைக்குப் போகும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். எனும் ஹார்மோன் சமிக்ஞைகள் அடங்கி விந்தணு உற்பத்தி விழும்.

பலர் கவனிக்காமல் விடுவது மருந்துச் சீட்டை. ஆட்டிசம் உள்ளவர்களின் சிடுசிடுப்பைத் தணிக்கத் தரும் ரிஸ்பெரிடோன், புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றும். அது டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். அந்தத் தாழ்வை ஆட்டிசத்தின் அடையாளமாகப் படித்துவிடுவார்கள். புரோலாக்டினையும் சேர்த்துப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் முடிவைக் காட்டுங்கள்.