ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் கற்றுக்கொள்ள: காலுக்கு முன்னால் காது

ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களை முதல் குளிர்காலத்துக்குள் யாராவது ஒரு கெய்லிக்கு, அதாவது எல்லோரும் சேர்ந்து ஆடும் ஸ்காட்டிஷ் நடனக் கொண்டாட்டத்துக்கு, கூப்பிட்டுவிடுவார்கள். கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள், ஜனவரி 25 கவிஞர் பர்ன்ஸ் நினைவாக வரும் பர்ன்ஸ் இரவு என்று ஏதோ ஒரு சாக்கு. கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றி வந்துவிட்டு, "இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் என்ன?" என்று தோன்றியவர்களுக்கு இந்தப் பதிவு. நானும் அந்த வழியாக வந்தவன்தான். இப்போது வாராவாரம் வகுப்புக்குப் போகிறேன்.

எதைக் கற்கப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கெய்லி நடனத்தில் நடந்தாலும் ஓடினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கன்ட்ரி டான்ஸில் கால் வைப்புக்கு முறை உண்டு. 1923இல் கிளாஸ்கோவில் ஜீன் மிலிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் தொடங்கிய சங்கம்தான் பழைய நடனங்களைத் திரட்டி இந்த முறையை வகுத்தது. இன்றைக்கு அது ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி. பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன, தலைமையகம் எடின்பரோவில். இங்கிலாந்தின் கன்ட்ரி டான்ஸ் இதற்கு உறவுமுறை. 1651இல் ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் அச்சிட்ட தொகுப்பிலிருந்து அந்த மரபைப் பின்தொடரலாம். அங்கே பெரும்பாலும் நடைதான், ஒருவர் நின்று அடுத்தடுத்த அசைவுகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்காட்டிஷ் முறையில் பாட்டு தொடங்குவதற்கு முன் ஒருமுறை நினைவூட்டுவார்கள், அவ்வளவுதான். அப்புறம் உங்களை வழிநடத்துவது பாட்டு மட்டுமே.

அதனால்தான் காலை விட்டுவிட்டுக் காதில் தொடங்கச் சொல்கிறேன்.

முதல் படி: எட்டெட்டாகக் கேளுங்கள்

ஆரம்பத்தில் இரண்டு தாளம் போதும்: ஜிக், ரீல். நமக்குச் சொற்கட்டு தெரியும் என்பதால் இது வெகு சுலபம். பார் என்பது மெட்டைச் சம துண்டுகளாகப் பிரிக்கும் சின்ன அளவு. ஜிக்கில் ஒரு பார் என்பது 'தகிட தகிட'. ரீலில் ஒரு பார் என்பது 'தகதிமி தகதிமி'. இரண்டிலும் ஒரு பாருக்கு இரண்டு அடி.

எட்டு பார் சேர்ந்தால் ஒரு வாக்கியம். பெரும்பாலான மெட்டுகளில் முதல் பகுதி எட்டு பார், அதுவே மறுபடி ஒருமுறை. பிறகு இரண்டாம் பகுதி எட்டு பார், அதுவும் மறுபடி. மொத்தம் 32. மெட்டு புதிய பகுதிக்குத் தாவினால் நீங்கள் 17ஆவது பாரில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒலிப்பதிவுகளில் '8×32 ஜிக்' என்று போட்டிருப்பது இதைத்தான்: 32 பார், எட்டு முறை. ஏறத்தாழ நாலே முக்கால் நிமிடம் ஓடும்.

உட்கார்ந்த இடத்தில் ஒரு பதிவைப் போட்டு, ஒவ்வொரு எட்டு பாரின் முதல் அடியில் மட்டும் கை தட்டுங்கள். வாய்விட்டு எண்ணாமல் தட்ட வரும்வரை செய்யுங்கள். ஃபைஃப் பகுதியில் பிறந்த அக்கார்டியன் கலைஞர் ஜிம்மி ஷாண்டின் பழைய பதிவுகளைச் சிபாரிசு செய்வேன். துல்லியமான அடி, எங்கே வாக்கியம் முடிகிறது என்பதில் சந்தேகமே வராது. நவீன வாத்தியக் கலவைகள் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொடக்கத்தில் வேண்டாம்.

இரண்டாம் படி: ஸ்கிப் சேஞ்ச்

முன்னேறிப் போகும் அடவு இது. குதி, வை, சேர், வை. இடது காலில் சின்னதாக எழும்பி, வலது காலை முன்னே வைத்து, இடது காலைப் பின்னால் கொண்டுவந்து வலது பாதத்தின் நடுவில் சேர்த்து, மறுபடி வலது காலை முன்னே வைக்க வேண்டும். அடுத்த பாருக்கு வலது காலில் எழும்ப வேண்டும். முழுக்க முன்பாதத்தில்தான்.

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 'குதி' என்று முதலில் சொல்வதால் அதை முதல் அடியில் போட்டுவிடுகிறோம். அப்படிப் போட்டால் பார் முழுவதும் பாட்டுக்குப் பின்னால் இழுபடும், நாலாவது பாரில் பக்கத்து ஜோடியின் மேல் மோதுவோம். குதி என்பது அதற்கு முந்தைய பாரின் கடைசி எழுத்தில் வர வேண்டும். சொற்கட்டில் எழுதிப் பாருங்கள்:

த – வலது வை
கி
ட – இடது சேர்
த – வலது வை
கி
ட – வலது காலில் குதி (அடுத்த பாருக்கு)

முதல் 'த' விழும்போது கால் தரையில் இருக்க வேண்டும், காற்றில் இருக்கக் கூடாது. எட்டாவது பாரின் கடைசி 'ட'வில் எழும்பினால் அடுத்த வாக்கியத்தின் முதல் அடியில் சரியாக இறங்குவீர்கள். கை தட்டிப் பழகியது இப்போதுதான் கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம். 'மெதுவாகப் பழகு, பிறகு வேகப்படுத்து' என்ற பொது அறிவுரை இந்த அடவுக்குப் பொருந்தாது. நாம் காற்றில் இருக்கும் நேரத்தை நம் விருப்பத்துக்கு நீட்ட முடியாது. பாட்டை அரை வேகத்துக்கு இறக்கினால் குதிக்கும் வைப்புக்கும் நடுவில் இடைவெளி விழும், அதை நிரப்பக் கால் தப்பான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் கீழே இறக்காதீர்கள். வேண்டுமானால் குதியை விட்டுவிட்டு 'வை, சேர், வை' மட்டும் நடந்து பழகுங்கள், பிறகு முழு வேகத்தில் குதியைச் சேருங்கள்.

மூன்றாம் படி: பா-டி-பாஸ்க்

நின்ற இடத்தில் துணையைப் பார்த்து ஆடும் அடவு. முதல் 'த'வில் வலது காலில் தாவி நில், 'ட'வில் இடது முன்பாதத்தை வலது பாதத்தின் நடுவில் வைத்து எடையை அதில் மாற்று, இரண்டாவது 'த'வில் எடையை மறுபடி வலதுக்கே கொண்டு வா, கடைசி 'ட'வில் இடது காலைச் சாய்வாக முன்னே நீட்டு. அடுத்த பார் இடது பக்கம். இரண்டு பார் சேர்ந்தால் ஒரு 'செட்'. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பழகலாம். மார்பு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒரு முழு நடனம்

டேஷிங் ஒயிட் சார்ஜென்ட் என்ற ரீலை எடுத்துக்கொள்வோம். கெய்லியிலும் ஆடுவார்கள், வகுப்பிலும் ஆடுவார்கள். மூன்று பேர் கைகோத்து, எதிரே இன்னொரு மூன்று பேர். இப்படிப்பட்ட ஆறு பேர் குழுக்கள் அரங்கைச் சுற்றி வட்டமாக நிற்கும்.

1–8: ஆறு பேரும் வட்டமாகக் கைகோத்து, பக்கவாட்டில் சறுக்கும் அடியில் இடப்புறம் நாலு பார், திரும்பி நாலு பார். எட்டு சறுக்கு முடிந்ததும் திரும்ப வேண்டும்.

9–16: நடுவில் நிற்பவர் வலப்பக்கத்தவரைப் பார்த்து ஒரு செட், இரு கையும் பிடித்து ஒரு சுற்று. பிறகு இடப்பக்கத்தவரோடு அதே மாதிரி. மற்றவர் சும்மா நிற்பார், நின்றபடி எண்ணுங்கள்.

17–24: மூவரும் பின்னல் போடுவது போல் ஒருவரையொருவர் கடந்து எட்டு வடிவில் ஓடுவார்கள். எட்டு பார் முழுவதையும் பயன்படுத்துங்கள். ஆறிலேயே முடித்துவிட்டு நிற்பது பார்க்க நன்றாக இராது.

25–32: கைகோத்து எதிர் அணியை நோக்கி முன்னே, பின்னே, நாலு பார். கடைசி நாலு பாரில் ஒரு அணி கைகளை உயர்த்த, இன்னொரு அணி அடியில் புகுந்து போகும். அங்கே புதிய மூன்று பேர் காத்திருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

இது பழகிய பிறகு வகுப்பில் நாலு ஜோடி நிற்கும் நீள வரிசைக்கு வாருங்கள். இசைக்குழு இருக்கும் பக்கம்தான் 'மேல்'. ஆண் வரிசைக்காரர்களின் இடது தோள் மேல் பக்கம் இருக்கும். இடம் குழம்பினால் தோளைப் பாருங்கள்.

நடனங்களின் அசைவுக் குறிப்புகளுக்கு வீடியோவை நம்பாதீர்கள். எழுத்துச் சுருக்கமான மினிகிரிப் நல்லது, பில்லிங் என்பவர் தொகுத்த பச்சைக் கையேட்டில் வரும் நடன வரைபடங்கள் அதைவிட நல்லது. எட்டு பார் ஒரு கட்டமாக இருப்பதால் பார்த்தவுடன் மனதில் நிற்கும்.

வாசிக்கவும் ஆசை உண்டா?

ஃபிடிலுக்கு ஓடாதீர்கள். டி சுருதி டின் விசில் வாங்குங்கள். விலை குறைவு, ஆறே துளை. எல்லாத் துளையையும் மூடினால் டி, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ஸ்வரம் ஏறும், கொஞ்சம் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி. டி, ஜி மேஜரில் உள்ள மெட்டுகளை முதலில் எடுங்கள். ஏ மேஜர் மெட்டுகள் ஸ்காட்டிஷ் இசையில் நிறைய இருந்தாலும், அதற்குத் துளையைப் பாதி மூட வேண்டியிருக்கும், ஒத்திப்போடுங்கள். ஆடுகிறவர்களுக்காக வாசிப்பதென்றால் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 110 அடி அளவில் வையுங்கள். ஒரு ஸ்வரம் தப்பினால் ஆடுகிறவர்கள் மன்னிப்பார்கள், அடி தப்பினால் அரங்கமே நின்றுவிடும்.

ஸ்ட்ராத்ஸ்பே என்ற மெதுவான வகையைப் பற்றி இங்கே எழுதவில்லை. குறில் முந்தி நெடில் பிந்தி வரும் அந்த வெட்டு அழகானது. ஆனால் 8×32 எட்டரை நிமிடம் ஓடும், ஒவ்வொரு அடியையும் தாங்க முழங்காலில் வலு வேண்டும். ஆறேழு மாதம் போகட்டும்.

பின்சேர்க்கை: தனியாகப் போகலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஒவ்வொரு நடனத்துக்கும் துணை மாறுவதுதான் வழக்கம், இரு பெண்களோ இரு ஆண்களோ சேர்ந்து ஆடுவதும் சாதாரணம். கெண்டைக்கால் முன்னெலும்பு வலிக்கிறது என்று எழுதியவர்களுக்கு: சிமெண்ட் தரையில் குதிப்பதை நிறுத்துங்கள், மரத்தரை உள்ள கூடத்தில் மட்டும் பழகுங்கள். ரப்பர் அடி போட்ட ஓட்டக் காலணி வேண்டாம், திரும்பும்போது தரையைப் பிடித்து முழங்காலைத் திருகும். கில்லீஸ் என்ற கயிறு கட்டிய மென்தோல் காலணியை இரண்டு மூன்று வகுப்பு போய்ப் பிடித்த பிறகு வாங்கினால் போதும். அதுவரை மெல்லிய அடி உள்ள தட்டைச் செருப்பு எதுவும் சரி, குதிகாலில் வார் இருந்தால் நல்லது.