உங்களுக்கென்று ஒரு தொண்டு: தேடிக்கொள்ளும் வழி

பிரதேச செயலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன் நான். இப்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள குருமண்வெளியில், என் வீட்டு விறாந்தையில், சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். "அண்ணன், எனக்கு எந்தச் சேவை பொருந்தும்?" என்று கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

எதில் விருப்பம் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். ஒரு கொப்பி எடுத்து, உங்களிடம் யார் யார் என்ன உதவி கேட்டு வந்தார்கள் என்று ஒரு மாதம் எழுதி வாருங்கள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவா, மோட்டார் பழுது பார்க்கவா, ஆசுபத்திரிக்குத் துணையாக வரவா? எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறதோ அதில் தொடங்குங்கள்.

செய்கிற வேலையை விட்டுவிட்டுத்தான் தொண்டுக்குப் போக வேண்டும் என்பதில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். 1924இல் துறவு பூண்ட பிறகும் பள்ளிக்கூடத்தை விட்டு அவர் விலகவில்லை. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். காவி உடுத்தினார், கற்பித்தலைக் கைவிடவில்லை.

அடுத்தது, சங்கம் அமைக்காதீர்கள். கடிதத் தலைப்பும் ரப்பர் முத்திரையும் பதாகையும் வந்தால் படம் எடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஒரு மேசை, இரண்டு கதிரை, வாரத்தில் மாறாத ஒரு நாள் போதும். அந்த நாளில் கல்யாணம் வந்தாலும் முகூர்த்தம் முடிந்ததும் வந்து உட்காருங்கள். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து ஒருவர் பாதை (வாவி கடக்கும் மிதவை) ஏறி வந்து பூட்டிய கேற்றைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி வரமாட்டார்.

தொழில் சுத்தமாக இருக்க வேண்டும். மண்டூரிலிருந்து ஒரு ஆச்சி பொலித்தீன் பையோடு வந்தார். "மகன், கந்தோரில் என்னை இரண்டு ஆள் என்கிறார்கள்" என்றார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் 'அம்மா' என்று முடிகிறது. அடையாள அட்டையில் 'பிள்ளை' என்று முடிகிறது. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. உடனே பேனாவைத் தூக்கக் கூடாது. பையில் உள்ள அத்தனை பத்திரங்களையும் திகதி வரிசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் பார்த்தெழுத வேண்டும். ஆச்சியின் கடைசி மகனின் பிறப்புப் பதிவிலும் தாயின் பெயர் 'பிள்ளை' என்றே இருந்தது. அவசரப்பட்டிருந்தால் அது கண்ணில் பட்டிராது. பிறகு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி எழுதி, வரி வரியாக வாசித்துக் காட்டி, சமாதான நீதவானிடம் கூட்டிப் போனேன். வாசித்துக் காட்டாமல் யாரிடமும் பெருவிரல் அடையாளம் வாங்காதீர்கள். நல்ல மனசு மட்டும் இருந்து கை பிசகினால், அலைவது அந்த ஆச்சிதான்.

எழுதத் தெரிந்தவர் வந்தால் பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். சிங்களக் கடிதங்கள் வரத்தான் செய்யும். வாசிக்கும் அளவுக்காவது சிங்களம் படியுங்கள்.

காசு விடயத்தை முதல் நாளே தீர்மானியுங்கள். நான் காசு வாங்குவதில்லை. தயிர்ச் சட்டி வந்தால் மறுப்பதும் இல்லை. மறுத்தால் அவர்களுக்கு மனம் நோகும். (என் மனைவிக்கு இதில் வேறு கருத்து உண்டு. சனிக்கிழமைத் தேநீர் முழுவதும் அவர் கையால் போவதால், அவருடைய சம்மதம்தான் முதல் சம்மதம்.)

இது உங்கள் வேலைதானா என்று அறிய, நன்றி கிடைக்காத நாளில் உங்களைப் பாருங்கள். வந்தவர் முறைத்துவிட்டுப் போன பிறகும் அவருடைய படிவத்தில் திகதி சரியா என்று கண் தேடினால், தொடருங்கள். சனிக்கிழமை நெருங்க நெருங்கச் சாட்டுகள் தேடுகிறீர்கள் என்றால், வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி நிறுத்திவிட்டு, கொப்பியில் அடுத்ததாக அதிகம் கேட்கப்பட்டது எது என்று பாருங்கள்.