முதல் 21 கிலோமீற்றர்: காசு சேர்ந்தாச்சு, கால் தயாரா?

நல்ல காரியத்துக்காக முதன்முறை நீண்ட தூரம் ஓடப்போகிறவர்களிடம் ஒரு பொதுவான கோளாறு உண்டு, பயிற்சிக்கு முன்னமே அறிவித்தல் வந்துவிடும். முகநூலில் படம் போட்டு, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் காசுக்குச் சொல்லி, ரீசேர்ட் அடிக்கக் கொடுத்த பிறகுதான் சப்பாத்தைத் தேடுவார்கள். காசு தருகிற ஆட்கள் கூடக்கூட 'இனி எப்படியும் முடிக்கத்தான் வேணும்' என்ற நெருக்கடியும் கூடும். மற்றப் பிழைகளில் பாதி அதிலிருந்துதான் முளைக்கிறது.

முதலாவது, அவசரப் பயிற்சி. ஓடிப் பழக்கமில்லாதவருக்கு அரை மரதனுக்கு, அதாவது இந்த 21 கிலோமீற்றருக்கு, மூன்று நான்கு மாதமாவது வேண்டும். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்தி வரைக்கும் கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் போய்ப் பாருங்கள், மூச்சு வாங்கி கதை நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். தூரத்தையும் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

வெயிலை எங்கட ஆட்கள் பழகினதுதானே என்று அலட்சியப்படுத்துவார்கள். வயலில் நிற்பது வேறு, மணிக்கணக்கில் ஓடுவது வேறு. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆனையிறவு வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது, ஆகவே விடிய ஐந்து மணிக்கே தொடங்கிவிடுங்கள். ஆனால் அந்த இருட்டில் ஏ9 வீதியில் பஸ்ஸும் லொறியும் பறக்கும், அதனால் வலப்பக்கமாக, வாகனத்துக்கு முகம் காட்டி, வெளிர் நிற உடுப்போடு ஓடுங்கள். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானை நிற்கிறதா என்று ஊர்ச்சனத்திடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடி அறிவித்தல் கண்ணில் பட்டால், சிறுநீர் கழிக்கக்கூட வீதியை விட்டு இறங்காதீர்கள்.

இனி தண்ணீர். குடிக்காமல் ஓடுவது பிழை, பயத்தில் போத்தல் போத்தலாக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் பிழை. அப்படிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகி, தலையிடி, வாந்தி, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள். ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூளைக் கரைப்பதென்றால் பைக்கற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள், தடிப்பாகக் கரைத்தால் வயிறு குழம்பும்.

எனக்கு எரிச்சல் வருவது வலிக் குளிசை விஷயத்தில். வன்னியில் சிறுநீரக நோயாளர் நிறையப் பேர், அவர்களுக்கென்று ஓட்டம் வைப்பது நல்லதுதான். ஆனால் அந்த ஓட்டத்துக்கே ஒருவர் முழங்கால் நோவை மறைக்க டைக்ளோபினாக்கோ ஐபுபுறூபனோ போட்டுக்கொண்டு வந்து நின்றால் என்ன சொல்வது? வேர்த்து உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும், இந்தக் குளிசைகள் அதை இன்னும் குறைக்கும். கால் நோகுதென்றால் அன்றைக்கு ஓடாதீர்கள், அவ்வளவுதான்.

புதுச் சப்பாத்தை ஓட்டத்தன்று போடுகிற பிழை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதே நாளில் கிடைக்கிற நன்கொடை ரீசேர்ட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. வேர்வையில் ஊறிய துணி உரசி மார்புக்காம்பில் இரத்தம் கசியும், குளிக்கும்போதுதான் தெரியும் அந்த எரிவு. அதை முன்னமே கேட்டு வாங்கி, பயிற்சியில் ஒருநாள் போட்டு ஓடிப் பாருங்கள். வாசலினும் பூசுங்கள்.

பிரதம விருந்தினர் கொடியசைத்ததும் மேளத்துக்கு ஏற்றபடி பாய்வதும் வேண்டாம், முதல் இரண்டு கிலோமீற்றரும் ஆமை வேகம்தான். யாராவது ஓட்டத்தில் தடுமாறி, பேச்சுக் குழம்பினால் உற்சாகப்படுத்தாதீர்கள், நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கடைசியாகக் காசு. சொந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டு பேர் கையெழுத்திடும் தனிக் கணக்கு வையுங்கள், பதாகைக்கும் சாப்பாட்டுக்கும் போன செலவையும் மறைக்காமல் போடுங்கள். முதல் அறிவித்தலிலேயே இப்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "நான் முடித்தாலும் இடையில் நின்றாலும் உங்கள் காசு நோயாளருக்குத்தான் போகும்."