கேமரன் மலைக்குக் காலையிலேயே ஏறுங்கள்

மலேசியாவில் பீடோர், தாப்பா பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு: மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடிக்கும். அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம். தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. வயிறு புரட்டினால் ஏசியை அணைத்து, சன்னலை இறக்கி, ஆசாம் போய் (உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம் பழம்) ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். எனக்கு மாத்திரையைவிட அதுதான் கேட்கிறது.

அப்புறம், சுவெட்டர். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ராத்திரி 15 டிகிரி வரை இறங்கும். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்த மலை இது. பிற்பாடு வெயில் தாங்காத வெள்ளைக்காரத் துரைமார் ஓய்வெடுக்க ஏறியதும் இந்தக் குளிருக்காகத்தான். போன தடவை நான் கைலியோடு போய் நடுங்கினேன்!