ரேட்டைப் பேசி நிபந்தனையில் தோற்பது: சப் கான்ட்ராக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ வேலைக்குப் போகும் சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் வேலை), பூச்சு, டைல்ஸ் சப் கான்ட்ராக்டர்கள், மெயின் கான்ட்ராக்டர் வேலையை எழுதித் தரும் ஒர்க் ஆர்டரில் முதலில் புரட்டுவது ரேட் பக்கத்தை. சதுர அடிக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கேட்டு அரை நாள் பேசுவார்கள். பின்னால் இருக்கும் நிபந்தனைகளைப் படிக்காமலே கையெழுத்து விழும். பேசி வாங்கிய 2 ரூபாய் பெரும்பாலும் அந்த நிபந்தனைகளில்தான் திரும்பிப் போகிறது.

அளவு முறையை எழுதாமல் விடுவது

சென்ட்ரிங்கில் சண்டை தொடங்கும் இடம் இதுதான். 15 அடி நீளம், 9 அங்குல அகலம் உள்ள ஒரு பீம். ஸ்லாபின் அடியிலிருந்து 13 அங்குலம் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். பிளான் அளவில், அதாவது மேலிருந்து பார்க்கும் நீள அகலத்தை மட்டும் எடுத்தால், அது 11.25 சதுர அடி. கான்கிரீட் பலகையைத் தொடும் பரப்பை அளந்தால் அடிப்பலகை 11.25, இரண்டு பக்கமும் சேர்த்து 32.5, மொத்தம் 43.75. ஏறக்குறைய நாலு மடங்கு. கட்டட வேலைகளை அளக்கும் முறையைச் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1200 தொடும் பரப்பைத்தான் அளக்கச் சொல்கிறது. ஆனால் ஒர்க் ஆர்டரில் ‘பிளான் ஏரியா’ என்று இருந்தால் தரநிலையைக் காட்டிப் பயனில்லை. பிளான் அளவுக்கு ஒப்புக்கொள்வதில் தப்பில்லை, ரேட் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

பூச்சுக்கும் இதே கதைதான். அதே தரநிலைப்படி 0.5 சதுர மீட்டர் வரையுள்ள கதவு, ஜன்னல் போன்ற திறப்புக்கு அளவில் கழிவு கிடையாது. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. 3க்கு 7 அடிக் கதவு 21 சதுர அடி, அதாவது 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழே. அதற்கு இரண்டு பக்கமும் கழித்தால் ஏன் என்று தட்டிக் கேட்கலாம். ‘அளவு ஐஎஸ் 1200 படி, இருதரப்பும் சேர்ந்து எடுத்து அன்றே கையெழுத்திட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

‘ஓனர் தந்த பிறகு தருவோம்’

இந்த வரி இருந்தால் உங்கள் பணம், நீங்கள் பார்த்தே இராத ஒருவர் கையில். அதை அடித்துவிட்டு, ‘பில் கொடுத்த 30 நாளில்’ என்று கேளுங்கள். 45க்குமேல் போக விடாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்ட விடுவதில்லை. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் இதை முழுக்க நம்பி இருக்க முடியாது. பொருளும் உழைப்பும் சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதனால் தேதி ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம்தான். கையெழுத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். தகராறு வந்த பிறகு எடுத்த பதிவைக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்தத் தேதியைத்தான்.

ரிட்டென்ஷனிலும், அதாவது பில்லிலிருந்து பிடித்து வைத்துப் பிறகு தரும் தொகையிலும், இதே கண்ணி. 40 லட்ச ரூபாய் வேலையில் 5 சதவீதம் என்றால் 2 லட்சம். ‘மொத்தக் கட்டடமும் ஒப்படைத்து ஓராண்டுக்குப் பிறகு’ என்றிருந்தால், அஸ்திவார வேலை செய்தவர் பெயிண்டிங் முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாதி உங்கள் வேலை முடிந்ததும், மீதி அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ என்று மாற்றச் சொல்லுங்கள். மெயின் கான்ட்ராக்டர்கள் அதிகம் முரண்டாமல் விட்டுக்கொடுக்கும் இடம் இது.

பார்க்காத ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவது

‘மெயின் கான்ட்ராக்டின் நிபந்தனைகள் அனைத்தும் சப் கான்ட்ராக்டருக்கும் பொருந்தும்.’ இந்த ஒரு வரிக்குள் நூறு பக்கம் ஒளிந்திருக்கும். ரேட்டை மறைத்துக்கொள்ளட்டும்; தாமத அபராதம், குறைபாட்டுக் காலம் (வேலை முடிந்த பின் குறையைச் சரிசெய்து தர வேண்டிய காலம்), நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தகராறைத் தீர்ப்பது) ஆகிய பக்கங்களின் நகலாவது கைக்கு வர வேண்டும். 10 கோடித் திட்டத்தில் வாரத்துக்கு 0.5 சதவீத அபராதம் என்றால் 5 லட்சம். உங்கள் வேலையே 20 லட்சம்தான். அபராதத்தை உங்கள் ஒப்பந்தத் தொகையின் மேல் மட்டும் கணக்கிடவும், மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாமலும் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பில்லிலேயே பிடித்துவிட்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டியவர் நீங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை இரண்டு பருவம். ஜூனில் தொடங்கினால் இடைவெளி விட்டு டிசம்பர் வரை வரும். ‘வழக்கமான மழைக்காலம் உட்பட’ என்று கால அளவு போட்டிருந்தால் வெளிப்பூச்சு எடுப்பவர் இருமுறை யோசிக்க வேண்டும். எத்தனை மழைநாளுக்குமேல் காலநீட்டிப்பு என்று எண் போடுங்கள். மழைநாளை அன்றன்றே சைட் இன்ஜினியர் கையெழுத்தோடு குறியுங்கள். பொருளும் சேர்த்து எடுத்தால் எம்-சாண்ட், ஜல்லி விலை உயர்வுக்கும் தட்டுப்பாட்டுக்கும் தனி வரி வேண்டும். களியக்காவிளை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை நிரப்ப மண் கிடைக்காமல் இழுத்ததை எல்லோரும் பார்த்தோம்.

வாய்ச்சொல்லில் கூடுதல் வேலை

‘இந்தச் சுவரையும் உடைச்சிருங்க, பில்லில் பாத்துக்கலாம்’ என்றால் செய்யுங்கள். ஆனால் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அளவு, ரேட், யார் சொன்னது என்று எழுதி அனுப்பிவிடுங்கள். போனை மாற்றினாலும் பழைய செய்திகளை அழிக்காதீர்கள்; வழக்கு வந்தால் மின்னணுச் சான்றை அதற்கான சான்றிதழோடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டி வரும்.

அட்வான்சுக்கு ஈடாக வெற்றுக் காசோலை கேட்டால் மறுப்பதே நல்லது. கையெழுத்திட்டு நிரப்பாமல் கொடுத்த காசோலைக்கும் கடன் இருந்ததாகவே சட்டம் முதலில் கருதும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவிர்க்க முடியாவிட்டால் தொகையை நிரப்பி, காசோலை எண்ணையும் எதற்காக என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வக்கீலிடம் எப்போது, எதற்கு

கையெழுத்துக்கு முன். ஆள் இறங்கிய பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது. பத்திரப்பதிவு மட்டும் பார்ப்பவரைவிட, கட்டுமான பில் வழக்கு நடத்திய சிவில் வக்கீலைத் தேடுங்கள். ஒர்க் ஆர்டர், அளவுப் பட்டியல், டிராயிங் பட்டியல், இதுவரை நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒப்பந்தத்தைப் படித்து மாற்ற வேண்டிய வரிகளை ஒரே பக்கத்தில் எழுதித் தருவதற்கு மட்டும் கட்டணம் பேசுங்கள். நோட்டீஸ், வழக்கு எல்லாம் தனி.

நடுவர் தீர்ப்பு எங்கே என்பதை அவரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். நடுவர் மன்றத்தின் இருப்பிடம் மும்பை என்று இருந்தால், நாகர்கோவில் வேலைக்கும் அந்த ஊர் நீதிமன்றம்தான். நடுவரை மெயின் கான்ட்ராக்டர் மட்டுமே நியமிப்பார் என்ற வரி செல்லாது என்று வாதாட உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் போகும் செலவு 3 லட்ச ரூபாய்ப் பாக்கிக்குக் கட்டாது. கையெழுத்துக்கு முன்பே நாகர்கோவில் என்று மாற்றுவது மலிவு.

கடைசி பில்லில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று நீட்டுவார்கள். பாக்கி இருந்தால் ‘ஆட்சேபத்துடன் பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டுதான் காலம். ‘அடுத்த மாசம் செட்டில் பண்ணலாம்’ என்று போனில் சொன்னது அதை நீட்டாது. அந்தக் காலத்துக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் நீட்டும்.